ஆக்காட்டிக்குக் கட்டிய வரம்பு

காக்கா,

காலையில் டீசலும் ஈரச்சேறும் கலந்த வாசம் வந்தது. உங்கள் உழவு மெசின்தான் என்று வயல் வரைக்கும் போய்விட்டேன். ஓட்டிக்கொண்டிருந்தது வேறு ஆள். நீங்கள் இல்லாமல் வருகிற முதல் சிறுபோக நெல் பருவம் இது.

கிண்ணியாவில் அண்ணனைக் காக்கா என்பீர்கள், நானும் அப்படியே கூப்பிட்டேன். அங்கிருந்து தம்பலகாமத்துக்கு எங்கள் வயலை உழ வரும்போது போத்தலில் இஞ்சித் தேத்தண்ணீர் கொண்டுவருவீர்கள். அதில் போடும் சீனிக்கு எறும்பே பயப்படும். அது கிடக்கட்டும், நான் சொல்ல வந்தது ஆக்காட்டிக் குருவியின் கதை.

ஒருநாள் உழுதுகொண்டிருந்தவர் மெசினை நிறுத்தினீர்கள். "தம்பி, ஓடி வாங்க. முட்டை கிடக்கு."

வயலோரத்துப் பெரிய மண் வரம்பின் அடியில், வெடித்த கட்டிகளுக்கு நடுவே, மண்ணின் நிறத்திலேயே நாலு முட்டைகள். நெருப்பு வெயில். தாய்க்குருவி முட்டைகள்மேல் நிழல் விழும்படி நின்றது. சோடிக்குருவி வாய்க்காலில் நெஞ்சை நனைத்து வந்து, அந்த ஈரத்தை முட்டைகளில் ஒற்றியது. பிறகு அது நிற்க, தாய் போனது.

அந்த இடத்தை விட்டுவிட்டு உழுதீர்கள். ஆனால் குளத்துத் தண்ணீர் வயலுக்கு வந்தால் முட்டைகள் மூழ்கிப்போகும். அதனால் பெரிய வரம்போடு சேர்த்து அரைவட்டமாகச் சின்ன வரம்பு கட்டினோம். பக்கத்து வயல்காரர் வந்து எட்டிப் பார்த்தார்.

"என்ன காக்கா, ஆக்காட்டிக்கு வீட்டுத்திட்டம் குடுக்கிறீங்களோ?"

"ஓம். உங்கட வீடு அத்திவாரத்தோட நிக்குது. இது இண்டைக்கே முடிஞ்சிரும்."

தண்ணீர் வந்தது, உள்ளே ஏறவில்லை. நமக்குப் பெருமை தாங்கவில்லை. குஞ்சு பொரித்த அன்றுதான் பிழை தெரிந்தது. வயல்காரப் புத்தி, பெரிய வரம்பையும் சேர்த்துச் சேறு பூசி, சுவர் மாதிரி வழுவழுப்பாக்கி வைத்திருந்தோம். ஆக்காட்டி இரை ஊட்டாது. குஞ்சுகளே நடந்து பொறுக்க வேண்டும். தாயும் தகப்பனும் மேலே நின்று கூப்பிட்டன. குஞ்சுகள் ஏறின, வழுக்கி விழுந்தன, திரும்பவும் ஏறின. வானத்தில் பருந்து ஒன்று வட்டம் போட்டது.

"தூக்கி மேல விடுவமோ காக்கா?"

"கை வைக்காதீங்க தம்பி. கூப்பிடத் தாய் இருக்கு. நாம கட்டின மதிலத்தான் நாம எடுக்கோணும்."

சேற்றில் முழங்காலை ஊன்றி, பெரிய வரம்பின் ஒரு பக்கத்தைக் கையாலேயே சுரண்டிச் சரிவாக்கினீர்கள். தகப்பன் குருவி உங்கள் தலையைக் கொத்தப் பாய்ந்து பாய்ந்து வந்தது.

"அடி, அடி. வாப்பா எண்டா அடிக்கத்தான் வேணும்" என்று குனிந்தபடியே சிரித்தீர்கள்.

நாம் தள்ளிப் போனதும் தாய் மெல்லச் சத்தம் கொடுத்தது. முதலில் ஒன்று ஏறியது. அதன் கால் பட்ட இடத்திலேயே மற்ற மூன்றும் ஏறி, தாயின் வயிற்றுக்கடியில் நுழைந்தன. பருந்து வேறு பக்கம் போனது.

இப்போது என் பேரன் நடக்கப் பழகுகிறான், காக்கா. வாசற்படியில் தடுமாறி நிற்கிறபோது என் கை தானாக நீளுகிறது. மடக்கிக்கொள்கிறேன். படிக்குக் கீழே குந்தி இருந்து, அவன் இறங்கி வரும் வரைக்கும் அவன் பெயரைக் கூப்பிடுகிறேன்.