பொன்னுரங்கத்தின் நெஞ்சுப் படம்

செப்டம்பர் 9, 2024. ஃப்ரீமான்ட்

மீட்டிங்கை ம்யூட்டில் போட்டுவிட்டு, பக்கத்து அறையில் என் அப்பா, நைனா, இருமுவதை எண்ணினேன். பத்து நிமிடத்தில் பதினான்கு. சிறுவயதுப் பழக்கம். சுரங்க ஊரில் லைன் வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். எந்த இருமல் யாருடைய அப்பாவுடையது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். பந்தயம் கட்டுவோம்.

தீக்ஷா பள்ளிவிட்டு வந்ததும், "அம்மா, தாத்தா இஸ் டூயிங் தட் சவுண்ட் அகெய்ன்."

ஏழு வயது. அவளுக்கு அது ஒரு சவுண்ட்.

செப்டம்பர் 17

ஸ்கேன் வந்துவிட்டது. நுரையீரல் மருத்துவர் என்னைவிட இளையவர். திரையைத் திருப்பிக் காட்டினார். இரண்டு பக்கமும் மேலே புள்ளிகள். வலப்பக்கம் ஒன்று மட்டும் பெரியது, எலுமிச்சை அளவு.

தங்கச் சுரங்கத்தில் இருபத்தாறு வருடம் வேலை என்றேன். கல் தூசியாக இருக்கலாம் என்றார். கேன்சராகவும் இருக்கலாம். ஊசி எட்டாத இடம், திறந்துதான் பார்க்க வேண்டும். இந்த நுரையீரலோடு திறந்தால் வென்டிலேட்டரிலிருந்து திரும்பாமலே போகலாம். நாள் குறித்தாகிவிட்டது: அக்டோபர் 28.

பழைய எக்ஸ்ரே ஏதாவது உண்டா என்று கேட்டார். இருபது, இருபத்தைந்து வருடம் முந்தையது என்றாலும் சரி. அந்தப் பெரியது அன்றே அங்கே இருந்திருந்தால் கத்தி வேண்டாம்.

நைனாவுக்குத் தமிழில் சொல்ல ஆரம்பித்தேன். முடிப்பதற்குள் "இல்ல" என்றார்.

செப்டம்பர் 18

ஏன் அவ்வளவு அவசரமாக "இல்ல" என்றார்?

செப்டம்பர் 21

மௌரி அவென்யூ கடையில் கீரை, இட்லி அரிசி வாங்கினோம். திரும்பும்போது வெயிலில் காய்ந்த மலைகளைப் பார்த்து நைனா, "நம்ம சயனைடு மேடு மாதிரியே இருக்குது" என்றார். சந்தோஷமாகச் சொன்னாரா, தெரியவில்லை.

மேடு. தங்கத்தை எடுத்த பிறகு மிஞ்சும் வெள்ளை மாவு, தெருக்கோடியில் மலையாக நிற்கும். தகரத்தில் உட்கார்ந்து சறுக்குவோம். ஆடிக் காற்றில் அது சோற்றில் வந்து விழும். அம்மா தட்டைத் துணியால் மூடித் தருவாள். துணியைத் தூக்கித் தூக்கி ஒவ்வொரு வாயாகச் சாப்பிடுவோம். அப்படியும் பல்லில் நறநறக்கும்.

பூமிக்கடியில் பாறை வெடித்தால் முதலில் அலமாரிப் பாத்திரங்கள் பேசும். பிறகு சங்கு. பெண்கள் செருப்பில்லாமல் ஷாஃப்ட் வாசலுக்கு ஓடுவார்கள், பின்னால் நாங்கள். ஆட்களை ஏற்றிவரும் கேஜ் மேலே வரும்வரை யாரும் அழமாட்டார்கள். முகங்கள் தெரிந்த பிறகு ஒரே ஒரு வீடு அழும். மற்ற வீடுகள் உலை வைக்கத் திரும்பும். நானும் திரும்பியிருக்கிறேன், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, கிட்டத்தட்டக் குதித்துக்கொண்டு. அந்தக் குதிப்பை என்ன செய்வது?

செப்டம்பர் 24

காலையில் தோசை ஊற்றிக்கொண்டிருந்தேன். நைனா சமையலறை வாசலில் வந்து நின்றார்.

"படம் இருக்குது மதி. எங்கிட்ட இல்ல. வல்லிகிட்ட இருக்குது."

வல்லி அத்தை, ஊரில் எங்கள் பக்கத்து வீடு. அவள் கணவர் பொன்னுரங்கம் மாமா. நைனாவும் அவரும் கீழே ஒரே டிரில் மெஷினைப் பிடித்தவர்கள். மாமா என்னைக் கலெக்டரம்மா என்று கூப்பிடுவார். மேட்டில் ஏறும்போது பாதியில் உட்கார்ந்து, "இரு கலெக்டரம்மா, எஞ்சின் சூடாயிடுச்சி" என்பார். சுரங்கத்தை மூடுவதற்கு ஆறு மாதம் முன்பு செத்துப்போனார். நாற்பத்து மூன்று வயது. கல் தூசி.

"உங்க படம் அத்தைகிட்ட எப்படி?"

நைனா அடுப்பைப் பார்த்துப் பேசினார்.

"வருஷா வருஷம் ஆஸ்பத்திரியில நெஞ்சைப் படம் புடிப்பாங்க. தொண்ணூத்தெட்டுல காலைல என் நம்பர் போட்ட பில்லையோட போனேன். மதியானம் அவன் பில்லையோட போனேன். பில்லை நம்பரத்தான் கூப்புடுவாங்க, மூஞ்சிய எவன் பாக்குறான்? அவனுக்கு அன்ஃபிட்னு எழுதினா மேல தூக்கிடுவாங்க. அப்பறம் வீட்டக் காலி பண்ணுன்னுவாங்க. அவனேதான் கேட்டான்டி. கால்ல வுழ வந்தான்."

ஒரே நாளில் ஒரே நெஞ்சை இரண்டு முறை படம் எடுத்திருக்கிறார்கள். நைனாவின் பெயரில் இருந்தது கூரை ஒழுக்கில் நனைந்து ஒட்டிப் போயிற்று. மாமாவின் பெயரில் இருப்பது, ஃபிட் என்று முத்திரை குத்தியது, அத்தையிடம்.

மாமா அதன் பிறகு இரண்டு வருடம் கீழே இறங்கினார்.

தோசை கருகியதை இருவருமே கவனிக்கவில்லை.

செப்டம்பர் 25

அந்த நாள் எனக்கு ஞாபகம் இருக்கிறது. எட்டு வயது. மதியம் நைனா மாமாவின் கட்டம் போட்ட சட்டையில் கிளம்பினார். ஏன் என்று கேட்டேன். "என்து காயல" என்றார். மாமா எங்கள் வாசற்படியில் உட்கார்ந்து எனக்கு வாய்ப்பாடு சொல்லித் தந்தார். ஏழாம் வாய்ப்பாட்டின் நடுவில் மூச்சு வாங்கி நின்றார்.

இன்னொன்று. எழுதத் தயக்கமாக இருக்கிறது.

ஒவ்வொரு திதிக்கும் அத்தை அந்த எக்ஸ்ரேயை எடுத்து, மாமா ஃபோட்டோவுக்குப் பக்கத்து ஜன்னலில் செருகுவாள். வந்தவர்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டுவாள். "பாரு, எங்க வீட்டுக்காரரு நெஞ்சு. ஒரு பொட்டு இருக்குதா? டாக்டரே முத்திரை குத்திக் குடுத்தது. தூசியாம் தூசி! எவ கண்ணோ பட்டுடுச்சி."

படத்தின் மூலையில் குங்குமம் வைப்பாள். நான் விழுந்து கும்பிட்டிருக்கிறேன். நைனாவும் கும்பிட்டார். பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.

அக்டோபர் 2

"அத்தைக்கு ஃபோன் பண்ணுங்க நைனா."

"வெட்டட்டும்."

"செத்துப்போயிடுவீங்க."

"அவகிட்ட அது ஒண்ணுதான் இருக்குது. அதையும் புடுங்கச் சொல்றியா?"

கத்தினேன். என்னவெல்லாமோ. இருபத்தாறு வருஷமா அவள ஏமாத்தினது போதாதா, இப்ப என்னையும் கொல்லணுமா... தீக்ஷா அறைக்கதவைச் சாத்திக்கொண்டாள்.

என் கணவன் சுஹாஸ் என்னைத் தனியாக அழைத்து, "எக்ஸிபிஷன், ரிசர்ச், ஏதாவது சொல்லி வாங்கிடு மதி. அவங்களுக்கு எதுக்குத் தெரியணும்?" என்றான். அவன் சொல்லும் முன்பே எனக்கும் அது தோன்றியிருந்தது. அதனால்தான் அவன் மேல் அவ்வளவு கோபம் வந்தது.

அக்டோபர் 5

காலை எட்டு மணிக்கு அழைத்தேன். அங்கே இரவுச் சாப்பாட்டு நேரம், குக்கர் சத்தம் கேட்டது. நைனா சோபாவில் இருந்தார். தூங்குகிறார் என்று நினைத்தேன்.

பொய் சரளமாக வந்தது. சுரங்கத் தொழிலாளர்களைப் பற்றி இங்கே ஒரு கண்காட்சி, மாமாவின் எக்ஸ்ரே இருந்தால் நன்றாயிருக்கும், பத்திரமாகத் திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

"அவரு அமெரிக்கா வராரா!" அத்தை சிரித்தாள். "பாஸ்போர்ட் இல்லாமயே! கண்ணாடி போட்டு மாட்டுவாங்களா மதி? பேரு எழுதுவாங்களா?"

"எழுதுவாங்க அத்தை."

நைனா எழுந்து வந்து என் கையிலிருந்து ஃபோனை வாங்கினார். ஸ்பீக்கரில்தான் இருந்தது.

"வல்லி. கண்காட்சி கிண்காட்சி ஒண்ணும் கிடையாது."

"அண்ணா? நல்லா இருக்கியா?"

"அது பொன்னன் நெஞ்சு இல்ல வல்லி. என்து."

சொல்லி முடித்தார். பில்லை, சட்டை, முத்திரை. நடுவில் இரண்டு தடவை இருமினார். அங்கே குக்கர் ஒரு விசில் விட்டது.

பிறகு கேட்டாள்: "அப்ப, ரெண்டு வருஷம் முன்னாடியே மேல வந்திருப்பாரு. இல்லண்ணா?"

"ஆமா."

வைத்துவிட்டாள்.

அக்டோபர் 6

நைனா சாப்பிடவில்லை.

அக்டோபர் 12

அழைத்தால் மணி அடிக்கிறது. எடுப்பதில்லை. அறுவைக்கு முன் என்ன சாப்பிடக் கூடாது என்ற தாள் ஃப்ரிட்ஜில் தொங்குகிறது.

அக்டோபர் 19

கூரியர் வந்தது. தினசரித் தாளில் சுற்றியிருந்தது. கடிதம் இல்லை.

படத்தை நான்காக மடித்திருக்கிறாள். மடிப்புகள் விரிசலாகி வெள்ளைக் கோடுகள். மூலையில் குங்குமம் இல்லை. அழுத்தித் துடைத்த தடம் இருக்கிறது.

அக்டோபர் 22

மருத்துவர் படத்தை விளக்குப் பெட்டியில் வைத்து வெகுநேரம் பார்த்தார். மேலே, இரண்டு பக்கமும் புள்ளிகள். வலப்பக்கம், இன்று எலுமிச்சை இருக்கும் அதே இடத்தில், அன்றே ஒரு திட்டு. குட் நியூஸ் என்றார். கேன்சர் என்றால் இருபத்தாறு வருடம் காத்திருக்காது. அறுவை ரத்து. ஆறு மாதத்துக்கு ஒரு ஸ்கேன். தூசிக்கு மருந்து கிடையாது, போகப்போக ஆக்ஸிஜன் வைத்துக்கொள்ள வேண்டிவரும்.

நைனாவிடம் சொன்னேன்.

"அப்பவே இருந்துச்சா?"

"ஆமா நைனா. நிறையவே இருந்திருக்கு."

கார் 880 நெடுஞ்சாலையில் ஏறியது. நைனா சொன்னார்:

"இவ்ளோத்தயும் பாத்துட்டு ஃபிட்னு குத்தியிருக்கான். அப்ப பொன்னன் போயிருந்தா அவனுக்கும் அதத்தான் குத்தியிருப்பான். இல்ல மதி?"

எனக்கெப்படித் தெரியும்? குத்தியிருக்கலாம். குத்தாமலும் இருந்திருக்கலாம். மாமாவின் நெஞ்சை யாருமே படம் பிடிக்கவில்லை.

"அப்ப நான் எதுக்குடி போனேன்?"

இறங்க வேண்டிய எக்ஸிட்டைத் தவறவிட்டேன்.

அக்டோபர் 28

அறுவை இருந்திருக்க வேண்டிய நாள். தீக்ஷாவை நைனா நடத்தியே பள்ளிக்குக் கூட்டிப் போனார். இரண்டு இடத்தில் உட்கார்ந்தாராம்.

நவம்பர் 3

வல்லி அத்தையிடம் சொல்லியே ஆக வேண்டும் என்கிறார் நைனா. தான் போயிருக்காவிட்டாலும் மாமாவைக் கீழேதான் அனுப்பியிருப்பார்கள் என்று. அது ஆறுதலா, இன்னொரு அடியா? அத்தைக்காகவா, அவருக்காகவா? கேட்கவில்லை.

எண்ணை அவரே அழுத்தினார். இந்த எண் உபயோகத்தில் இல்லை. முதலில் கன்னடத்தில், பிறகு ஆங்கிலத்தில்.

நைனா இரண்டையும் கடைசிவரை கேட்டார். திரும்பவும் அழுத்தினார்.