உங்களுக்குப் பதில் வந்த கன்னா

பத்ரி,

புளி தீர்ந்துவிட்டது, ரசத்தில் தக்காளிதான். அடுக்களையில் இந்த மாற்று செல்லும்.

போன வாரம் பயாப்ஸிக்கு என்னோடு உங்கள் ஆபீஸ் பி.ஏ. கன்னாவை அனுப்பிவிட்டு, "சட்டப்படி அவர் வந்தா நானே வந்த மாதிரி, ஹம்சா" என்றீர்கள். கெஜட்டில் போட வேண்டிய வாக்கியம். நர்ஸும் அவரையே என் புருஷன் என்று நினைத்து, "பதிஜி, இங்கே சைன்" என்று அவரிடமே பேப்பரை நீட்டினாள். மனிதர் வேர்த்துப்போனார்.

நான் கெமிஸ்ட்ரி டீச்சர். மயில்துத்தக் கரைசலில் இரும்பு ஆணியைப் போட்டால், இரும்பு உள்ளே போய் இடம் பிடிக்கும், அங்கிருந்த செம்பு வெளியே வந்துவிடும். சட்ட அதிகாரியான நீங்கள் கொஞ்சம் யோசிக்கலாம்.

சாப்பிட்டுவிட்டு சாவியை எதிர்வீட்டில் கொடுங்கள். இன்று நாலு மணிக்கு ரிசல்ட். நான் ஸ்கூலிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்குப் போகிறேன்.

பி.கு.: எனக்குப் பயமாக இருக்கிறது. இதைக் கன்னாவிடம் சொல்ல முடியாது.