மாமிக்குச் சோளக்கூழ்

ஜூன் 9, 2009, செவ்வாய்

விடியுமுன்னே மழை. துணி ஒன்றும் காயவில்லை. வீட்டுக்காரர் கடலுக்குப் போகவில்லை. (இனி சே. என்றுதான் எழுதுவேன். முழுப்பெயர் எழுதக் கை வரவில்லை. கோபம்.)

பஹ்ரைனிலிருந்து கொண்டுவந்த மக்காச்சோள ரவை கடைசிப் பாக்கெட். மூன்று நாள் வரும். அங்கே நான் சமைத்த வீட்டு மேடம் அமெரிக்காக்காரி. காலையில் சோளக்கூழும் இறாலும், காரமே இல்லாமல். நான்தான் நம்ம ஊர்க் காரத்தை ஏற்றினேன். கண்ணில் தண்ணீர் வழிய இன்னொரு கரண்டி கேட்டாள்.

இப்போது அதையே மாமிக்கு, சே.யின் அம்மைக்கு. கிறிஸ்துமஸ் முடிந்த கையோடு லீவில் வந்தேன், ஜனவரியில் மாமிக்குப் பக்கவாதம். வலப்பக்கம் போச்சு, பேச்சும் போச்சு. அரிசிக்கஞ்சி என்றால் தண்ணீர் தனியே பிரிந்து புரையேறுகிறது. சோளக்கூழ் பிரியாது, வழுக்கி இறங்கும்.

ஒரு வேளைக்கு:
- சோளரவை அரைக் கப், தண்ணீர் இரண்டரை. கிண்டுவதை நிறுத்தக் கூடாது
- இறால் ஐந்து, குடல் உருவி
- சின்ன உள்ளி, சிவப்பு வத்தல்மிளகு ஒன்று, நல்லமிளகு, மஞ்சள், குடம்புளி சின்னத் துண்டு. தேங்காயெண்ணெயில் வதக்கி, இறாலோடு மைய அரைத்து
- கடைசியில் தேங்காய்ப்பால்
- உப்பு ரொம்ப முக்கியம். குறைந்தால் துப்பிவிடுவாள். வாய் கோணியும் நாக்கு கோணவில்லை.

27ஆம் தேதியோடு நான் வந்து ஆறு மாசம். அதற்குள் அங்கே போய் இறங்காவிட்டால் விசா போய்விடும். பாஸ்போர்ட் சே.யின் இரும்பு அலமாரியில். சாவி அவர் அரைஞாணில். அந்தச் சாவிகூட கடலுக்குப் போய்விட்டு வருகிறது.

ஜூன் 12, வெள்ளி

ரவையை மிச்சம் பிடிக்கலாமென்று அரிசியைக் குழைத்துக் கொடுத்தேன். புரையேறி மாமி முகம் நீலமாகிவிட்டது. நிமிர்த்தி முதுகில் தட்டி, வீடே கூடிவிட்டது. அப்புறம் சே., எல்லார் முன்னாலும்:

"கண்டியா? நீ போனா அம்மைய அடக்கம் பண்ணிட்டுத்தான் போவணும்."

பக்கத்து வீட்டம்மா, "புள்ளையும் இல்ல, குட்டியும் இல்ல. யாருக்குச் சம்பாரிக்கப் போற மக்கா?" என்றாள்.

யாருக்குமில்லை. எனக்குத்தான் போகணும். அங்கே எனக்கென்று ஒரு சின்ன அறை, உள்ளே தாழ்ப்பாள். நான் ஆக்கியதைத் தின்றுவிட்டு நன்றி சொல்லும் ஆட்கள். இதை வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள்.

ஜூன் 13, சனி

புதுக்கடைச் சந்தைக்குப் போனேன். பஸ்ஸில் நிற்க இடமில்லை. சோளம் கிடைத்தது கோழித்தீவனக் கடையில்தான்.

"எத்தன கோழி நிக்கு?"

"ஒண்ணே ஒண்ணு."

"ஒரு கோழிக்கா அஞ்சு கிலோ?"

சிரிப்பு வந்தது. பஸ்ஸில் திரும்பும்போது அழுகை வந்தது. கிடக்கிற மாமியைக் கோழி என்று சொல்லிவிட்டேனே. மில்லில் ரவைப் பதத்துக்கு உடைத்து வாங்கினேன்.

ஜூன் 15, திங்கள்

முதல் கூழில் உமி. மாமி துப்பினாள், என் சேலை முழுக்க. இரண்டு தடவை சலித்து, ஊறவைத்து மறுபடி. ஒரு கிண்ணமும் காலி.

அப்போதுதான் உறைத்தது. உமியோடே விட்டிருக்கலாம். இவள் கைக்கும் ஆகவில்லை என்று சொல்லியிருப்பார்கள். மோசமாக ஆக்க எனக்குத் தெரியவில்லையே. நன்றாக ஆக்க ஆக்கக் கயிறு இறுகுகிறது.

மாமி கன்னத்தில் சதை வைத்திருக்கிறது. பார்க்கச் சந்தோஷம்தான், அதுவும் உண்மை.

ஜூன் 17, புதன்

சே.யின் தங்கை ஸ்டெல்லாவைக் கூப்பிட்டேன். நாலு வீடு தள்ளி இருக்கிறாள். பக்கத்தில் நிறுத்திக் கற்றுக்கொடுத்தேன். கிண்டினாள், கட்டி கட்டியாக. ஊட்டப் போனால் மாமி பல்லைக் கடித்துக்கொண்டாள். நான் கரண்டியை வாங்கியதும் திறந்தாள்.

"மைனி, அம்மைக்கு ஒங்க கைதான் வேணும்" என்றாள் ஸ்டெல்லா. சே. வாசலில் நின்று எல்லாம் பார்த்தார். முகத்தில் அப்படி ஒரு நிம்மதி.

இறாலுக்கு நாளைக்கும் சொல்லி வைத்தாயிற்று.

ஜூன் 19, வெள்ளி

மேடம் போன். 27 வரை பார்ப்பாளாம், பிறகு வேறு ஆள்.

மத்தியானம் ஊட்டும்போது மாமியிடம் கொட்டிவிட்டேன். வீட்டில் வேறு யாருமில்லை. "இன்னும் எட்டு நாளுதான் மாமி. அப்புறம் இந்த அடுக்களதான் எனக்கு, சாவுத வர. ஒங்கமேல கோவமில்ல. ஆனா ஒங்க வாயிதான் என்னயப் பூட்டி வச்சிருக்கு."

சொன்னதும் நாக்கைக் கடித்துக்கொண்டேன். விழுங்குவதை நிறுத்திவிட்டு என்னையே பார்த்தாள். பிறகு மிச்சத்தையும் தின்றாள். பாவி நான்.

ஜூன் 20, சனி

காலையில் வாயைத் திறக்கவில்லை. காய்ச்சலா என்று தொட்டுப் பார்த்தேன், இல்லை. பத்து மணிக்கும் இல்லை. மத்தியானமும் இல்லை. தாடையைத் தடவிக் கெஞ்சினேன், தலையைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டாள். முடிவு வந்துவிட்டதென்று பயந்து ஸ்டெல்லாவுக்கு ஆள் அனுப்பினேன்.

அவள் தன் வீட்டில் கிண்டிய கூழோடு ஓடிவந்தாள். மாமி திறந்தாள். கடைசிவரை தின்றாள்.

சே.: "என்ன செஞ்ச நீ அம்மைய?"

கிண்ணம் கழுவப் போகும்போது ஒட்டியிருந்ததை நக்கிப் பார்த்தேன். உப்பே இல்லை. இறாலில் குடல் எடுக்கவில்லை, நறநற என்று மண்.

ஜூன் 21, ஞாயிறு

காலைப் பூசை முடிந்து ஸ்டெல்லா ஊட்டினாள். அதே கட்டிக் கூழ். தின்றாள். என் கரண்டிக்கு மட்டும் வாய் பூட்டு. சே. அரைஞாணிலிருந்து சாவியை அவிழ்த்து மேசையில் வைத்தார். "அம்மைக்கே ஒன்ன வேண்டாம்னு ஆயிட்டு. போ." என் முகத்தைப் பார்க்கவில்லை. பாஸ்போர்ட் என் பையில் இருக்கிறது. நாளைக்கு டிக்கெட்டுக்குத் தக்கலை போகணும்.

சாயங்காலம் சே. கடற்கரைக்குப் போனபிறகு ஒரு கிண்ணம் நான் ஆக்கினேன். எல்லாம் சரியாக. கதவைச் சாத்திவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். "யாரும் இல்ல மாமி. யாருக்கும் தெரியாது. ஒரு வாயி."

மணம் போய் மாமியின் மூக்கு விரிந்தது. கடைவாயில் எச்சில் வழிந்தது, துடைத்தேன், மறுபடி வழிந்தது. கரண்டியில் கூழ் ஆறும்வரை பிடித்திருந்தேன். உதட்டைத் திறக்கவில்லை.