பூச்சி வந்தது உண்மை

அன்புள்ள அக்காவுக்கு,

எனக்குக் கீரிப்பூச்சி தொற்றி, பாலர் பள்ளி டீச்சர் வேலையிலிருந்து விரட்டிவிட்டார்கள் என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னாயாம். அவ்வளவு தூரம் நடக்க உன் முழங்கால் வலி தீர்ந்ததே என்று மகிழ்ந்தேன். பூச்சி வந்தது உண்மை, விரட்டியது பொய்.

இக்கிராமத்துக் குழந்தைகள் இதே பூச்சியின் அரிப்பில் தூங்காமல் தவித்தார்கள். வீட்டில் எல்லோரும் ஒரே நாளில் பூச்சி மாத்திரை போட்டால்தான் தீரும் என்று தாய்மார்களிடம் சொன்னேன்.

"எங்க வீட்டுலயா புழு? அளந்து பேசுங்க டீச்சர்," என்றாள் ஒருத்தி.

"என் வயித்துலயே இருக்கு. உன் வீடு என்ன உசத்தி?" என்று அவள் எதிரிலேயே ஒரு மாத்திரையை விழுங்கினேன். பிறகு எல்லோரும் கை நீட்டினார்கள்.

இரண்டாம் முறை மாத்திரையும் போட்டாயிற்று. நக இடுக்கில் பூச்சி முட்டை தங்கும், குழந்தைகளுக்கு வெட்டிவிட நல்ல நகவெட்டி ஒன்று அனுப்பு. விடுமுறைக்கு வருகிறேன். பூச்சிக்குப் பயந்து நீ கொல்லையில் தூக்கிப் போட்ட என் கட்டிலை உள்ளே எடுத்துவிட்டாயா என்று உன் கைப்படப் பதில் எழுது.

தங்கை