சிவப்பு நூல் கட்டிய பாட்டில்

வெஸ்டரோலன் தீவுகள்,
நவம்பர் 1953

அன்பு மகள் டோர்டிஸுக்கு அம்மா எழுதிக்கொள்வது. இங்கே அப்பாவும் நானும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் குழந்தையும் அங்கே சுகமாக இருக்கவேண்டும் என்று எப்போதும் எழுதுகிற வரி இன்றைக்குக் காத்திருக்கட்டும். முதலில் இதைப் படி, மற்றதெல்லாம் அப்புறம். போன கப்பலில் வந்த எண்ணெயைக் குழந்தைக்குக் கொடுக்காதே. கொடுத்துக்கொண்டிருந்தால் இந்த நிமிஷமே நிறுத்து.

குழந்தை ஹால்வருக்குக் கால் வளைகிறது, வெயிலே படாத ஊரில் எலும்பு உறுதிப்படாது, மீன் எண்ணெய்தான் வைட்டமின் டி என்று நர்ஸ் சொன்னதாக நீ எழுதியதும் நான் பதறிப்போய் ஒரு பாட்டில் அனுப்பச் சொன்னேன் அல்லவா, அன்றைக்கு நான் தொழுவத்தில் இருந்ததால் அப்பாதான் பெட்டி கட்டினார். அலமாரியில் இருந்தது இரண்டு பாட்டில், ஒன்று காட் மீன் ஈரல் எண்ணெய், இன்னொன்று பெரிய தட்டைமீனுடையது. தட்டைமீன் எண்ணெய்க்கு வீரியம் அதிகம், பெரியவர்களுக்கே சொட்டுக் கணக்குத்தான், பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் அதன் கழுத்தில் சிவப்புக் கம்பளி நூல் கட்டிவைப்பேன், உனக்குத் தெரியாததா. நேற்று முட்டிவலிக்கு இரண்டு சொட்டு எடுக்கலாம் என்று தேடினால் அந்தப் பாட்டிலைக் காணோம், நூல் மட்டும் விறகுப் பெட்டியில் கிடக்கிறது. அப்பாவைக் கேட்டால், பேரப்பிள்ளைக்கு அனுப்புற பாட்டிலு பிசுபிசுன்னு இருக்கலாமா, அதான் நூலக் கழட்டிட்டு வெந்நீர்ல தொடச்சு அனுப்பினேன் என்கிறார். எனக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை. உன் ஓமுன்ட் சித்தப்பா கப்பலில் தட்டைமீன் ஈரலை வயிறு முட்டத் தின்றுவிட்டுத் தலைவலியில் புரண்டதும், முகத்தோல் உரிந்து ஆளே அடையாளம் தெரியாமல் வீடு வந்ததும் கண்முன்னால் நிற்கிறது. அவர் மலைபோல மனுஷர், ஹால்வர் எட்டு மாதக் குழந்தை.

அப்பா அப்போதே மழையில் தந்தி ஆபீசுக்கு ஓடினார். உங்க மக ஊர்ப் பக்கத்துத் தந்திக் கம்பம் புயல்ல சாஞ்சு கெடக்குதுங்க, இப்போதைக்கு ஒண்ணும் போகாது என்று சொல்லிவிட்டார்களாம். நனைந்து திரும்பி வந்தவரை என்னால் திட்ட முடியவில்லை. வசந்தம்வரைக்கும் இதுதான் கடைசிக் கப்பல், கடிதத்தைக் கேப்டன் கையிலேயே கொடுக்கிறோம். குழந்தை வாந்தி எடுத்தாலோ ஓயாமல் சிணுங்கினாலோ உச்சிக்குழி வீங்கினாலோ உடனே டாக்டரிடம் தூக்கிக்கொண்டு ஓடு, இந்தக் கடிதத்தையும் காட்டு. இதோடு காட் எண்ணெய் வருகிறது, நானும் அப்பாவும் ஆளுக்கொரு கரண்டி குடித்துப் பார்த்துத்தான் கட்டினோம். ஆனாலும் டாக்டர் சொல்கிற நாளில் சொல்கிற அளவு மட்டும் கொடு. பயந்துபோய் ஒரேயடியாக விட்டுவிடவும் கூடாது, கால் வளைந்தே போய்விடும். பால் கொடுக்கிறவள் நீயும் வாரத்தில் பாதி நாளாவது ஹெரிங் மீன் சாப்பிடு.

தினமும் கரண்டி நிறைய, அழுதாலும் விடாமல் வாயில் ஊற்று என்று போன கடிதத்தில் எழுதினவள் நான்தான். சின்னப் பிள்ளையில் நீ எண்ணெயைக் கன்னத்தில் ஒதுக்கிவைத்துக்கொண்டு வெளியே போய்ப் பனியில் துப்புவாய், சொன்ன பேச்சே கேட்கமாட்டாள் என்று ஊரெல்லாம் உன்னைப்பற்றிப் புலம்புவேன். இந்த ஒரு தடவையும் நீ என் பேச்சைக் கேட்டிருக்கக்கூடாது கண்ணு, அதைத்தான் நேற்றிலிருந்து கர்த்தரிடம் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

அவர் உங்கள் மூன்று பேரையும் கைவிடமாட்டார். கம்பம் நிமிர்ந்ததும் மறக்காமல் தந்தி அடி, குழந்தை பெயர் ஒன்று போதும், நல்லபடியாக இருக்கிறான் என்று புரிந்துகொள்வோம்.

இப்படிக்கு,
உன் தந்திக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருக்கும் அம்மா
குன்வோர்