பன்னிரண்டாவது ஹீட்சிங்க்

பாப்பா,

உன் அனிமேஷன் கம்ப்யூட்டரை மேசைமேல் படுக்கப் போட்டிருக்கிறேன். நாளைச் சாயங்காலம் வரை நிமிர்த்தாதே, பசை இன்னும் இறுகவில்லை.

அதிலிருந்த இரண்டு கிராபிக்ஸ் கார்டிலும் ஓடும் தண்ணீர் நடுவிலுள்ள பெரிய சிப்பை மட்டும்தான் குளிர வைக்கிறது. சுற்றியுள்ள சின்னச் சிப்புகள் கொதிக்கின்றன. அதற்குத்தான் அன்றைக்குச் சூட்டை இழுக்கும் குட்டி உலோகத் துண்டு, ஹீட்சிங்க், ஒவ்வொன்றிலும் ஒட்டினேன். மேல் கார்டில் ஒன்று கழன்று, கீழே இருந்த கார்டின்மேல் விழுந்து, ஷார்ட் ஆக்கி அதைக் கருக்கிவிட்டது. "நடுங்குற கைய வச்சுக்கிட்டு இதெல்லாம் உங்களுக்கு எதுக்குப்பா?" என்றாய். கேட்டது சரி. ஐந்து நாளாக முகம் கொடுத்துப் பேசாதது சரியில்லை.

மிஞ்சிய கார்டை இன்று ஸ்பிரிட் போட்டுத் துடைத்துவிட்டு ஒட்டினேன். போன தடவை துடைக்க மறந்ததுதான் தப்பு, கைமேல் தப்பில்லை.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறது, சூடு பண்ணிக்கொள். என் சாவி ஆணியில் தொங்குகிறது.

நடுக்கம் வயதால் வந்ததில்லையாம். தலைக்குள் கட்டி. நாளைக் காலை ஆபரேஷன், இன்றே வந்து படுக்கச் சொல்லிவிட்டார்கள். முந்தாநாள் சொல்ல வந்தேன், உன் அறைக்கதவு சாத்தியிருந்தது.

அப்பா

இன்னொன்று. பன்னிரண்டில் பதினொன்றுதான் ஒட்டினேன். கடைசி ஹீட்சிங்க் கிண்ணத்தில் இருக்கிறது, நீ ஒட்டிவிடு. முப்பது எண்ணும்வரை அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். எனக்குப் பத்துக்குமேல் கை நிற்கவில்லை.