அரேலிஸ் பூசிய வெள்ளைக் களிம்பு

தமாயோ
நவம்பர் 1996

என் மகள் யுதெல்காவுக்கு,

வாசலைத் தாண்டும்போதே "ஆசீர்வாதம் பண்ணும்மா" என்று கேட்பாயே, இப்போதும் கேட்டதாகவே வைத்துக்கொண்டு முதலில் அதைக் கொடுத்துவிடுகிறேன், கடவுள் உன்னைக் காப்பாற்றட்டும், மாதா உன்னைவிட்டு ஓர் அடி கூட விலகாமல் இருக்கட்டும். நானும் உன் அப்பாவும் நடமாடிக்கொண்டிருக்கிறோம். அப்பாவுக்கு வாழைத் தோட்டத்தில் ஆற்று வெள்ளம் ஏறிவிட்டதென்று கவலை, எனக்கு முட்டி வலி, அதெல்லாம் பழைய கதை. உன் தங்கை நலம் என்று எழுதக் கை வரவில்லை. அரேலிஸ் வீட்டுக்கு வந்துவிட்டாள், கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து வறுத்த வாழைக்காய் ஒன்றிரண்டு தின்கிறாள், இப்போதைக்கு அதையே நலம் என்று எடுத்துக்கொள். அன்று போனில் உனக்குப் பாதிதான் சொன்னேன், போன் கடையில் வரிசையில் நின்றவர்கள் காதெல்லாம் என் வாயில்தான் இருந்தது, மீதியை இதில் எழுதுகிறேன்.

நீ கேட்ட கை வெடிப்புக்கு முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதைத் தொடங்கினால் இதை மறந்துபோவேன். குளியலறையை ப்ளீச் ஊற்றித் தேய்க்கும்போது வெறுங்கையை வைக்காதே, ரப்பர் உறைக்குள் ஒரு பருத்தி உறையும் போட்டுக்கொள், வெறும் ரப்பர் என்றால் வியர்த்து இன்னும் அரிக்கும். கழுவியபின் கையை வறட்டுவறட்டென்று துடைக்காமல் கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே எண்ணெய் தடவு. அங்கே தேங்காய் எண்ணெய் கிடைக்கவில்லை என்றாய், நீ வேலை செய்யும் வீட்டு அம்மாள் சமையலறையில் ஆலிவ் எண்ணெய் இல்லாமலா இருக்கும், கேட்டுவிட்டு இரண்டு சொட்டு எடுத்துக்கொள். ஓட்ஸைப் பொடித்து மெல்லிய துணியில் முடிந்து வெதுவெதுப்பான தண்ணீரில் பிழிந்தால் பால் மாதிரி இறங்கும், அதில் கையை ஊறவை, அரிப்பு அடங்கும். உதடு வெடித்தால் தேன் போதும், நக்கித் தின்றுவிடாதே, உன்னைத் தெரியும் எனக்கு. கற்றாழை கிடைத்தால் மடலை வெட்டி நிமிர்த்திவைத்து அந்த மஞ்சள் பால் முழுக்க வடிந்த பிறகுதான் உள்ளே இருக்கும் சோற்றை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அரித்துக் கொல்லும். எதுவானாலும் முதலில் முழங்கை மடிப்பில் கொஞ்சம் தடவி ஒரு நாள் பொறுத்துப் பார். எலுமிச்சையை மட்டும் யார் சொன்னாலும் முகத்தில் தேய்க்காதே. மூலை வீட்டு தனெரிஸ் கழுத்துக் கறுப்பு போகட்டுமென்று தேய்த்துக்கொண்டு உச்சி வெயிலில் ஆற்றுக்குத் துணி துவைக்கப் போனாள், கொப்புளித்து, சாறு வழிந்த தடம் இன்றுவரை பழுப்புக் கோடாக நிற்கிறது. நான் சொன்னவை எல்லாம் மெதுவாகத்தான் வேலை செய்யும் மகளே. என் கடைக்கு முடி சுருட்ட வரும் பெண்களிடம் அதைச் சொன்னால் சிரிப்பார்கள், நெரெய்தா அக்கா ஓட்ஸ் கஞ்சியை மூஞ்சியில ஊத்தச் சொல்றா, அதுக்கு நான் குடிச்சுட்டுப் போவேன் என்பார்கள். சீக்கிரமாக வேலை செய்வது எப்படி இருக்கும் என்று இந்த வருஷம் பார்த்துவிட்டேன்.

நீ மாட்ரிட் போன பிறகு அரேலிஸுக்கு நிச்சயம் செய்த பவுஸ்தோவை நீ பார்த்ததில்லை. பானி ஊரில் மளிகைக் கடை வைத்திருக்கும் குடும்பம், பையன் அதிகம் பேச மாட்டான், இவளைக் கண்டால் கையில் இருக்கும் தொப்பியைச் சுழற்றிக்கொண்டே நிற்பான். அவன் அம்மா தோன்யா ஒதீலியா நல்ல சிவப்பு, அந்த வீட்டில் எல்லோரும் அப்படித்தான். நிச்சயத்தன்று நம் வீட்டில் உட்கார்ந்து காபியைக் குடித்துவிட்டு இவளை மேலும் கீழும் பார்த்து, "பொண்ணு லட்சணமாத்தான் இருக்கா, கல்யாணத்துக்குள்ள கொஞ்சம் நிறம் தெளிஞ்சுட்டா போட்டோவுல எடுப்பா இருக்கும்" என்று சொன்னாள். யாரையும் திட்டுகிற குரலில் சொல்லவில்லை, சர்க்கரை கொஞ்சம் கம்மி என்று சொல்வதுபோலச் சொன்னாள். உன் அப்பா உடனே, "தெளியுறதுக்கு அவ என்ன கலங்கின தண்ணியா" என்றார், எல்லோரும் சிரித்தார்கள், அரேலிஸ் மட்டும் காபித் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அடுத்த வாரமே மிகெலினா என் கடைக்கு வந்தாள். கப்பலில் குராசாவோ தீவுக்குப் போய்ச் செருப்பும் உள்பாவாடையும் வாசனைத் தண்ணீரும் கொண்டுவந்து விற்கிறாளே அவள்தான். இந்த முறை சின்னச் சின்ன வெள்ளை டப்பாக்கள் கொண்டுவந்தாள், மேலே பேரும் இல்லை ஊரும் இல்லை, உள்ளே வெண்ணெய் மாதிரி களிம்பு. அவளே அதைத்தான் பூசினாள், அவள் முகம் உரித்த வெங்காயம்போல இருந்தது. பெண்கள் சுற்றி நின்று அவள் கன்னத்தைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள். எனக்கு என்னவோ அவள் முகத்தைவிடக் கையில்தான் கண் போனது. நான் கொடுத்த காபிக் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள், அப்படியும் அது தட்டில் கிடுகிடுவென்று அடித்துக்கொண்டே இருந்தது. என்னடி இது என்று கேட்டேன், "கப்பல் ஆட்டம் இன்னும் உடம்பை விட்டுப் போகலக்கா" என்று சிரித்தாள். அவள் கப்பலை விட்டு இறங்கி எத்தனையோ நாள் ஆகியிருந்தது.

அரேலிஸ் எனக்குத் தெரியாமல் வாங்கினாள், தெரிந்தபோது அவள் முகம் நிறம் மாறியே விட்டது. நான் டப்பாவைக் குப்பையில் போட்டேன், அவள் இன்னொன்று வாங்கினாள். நான் கத்தினேன், அவள் அதைவிடக் கத்தினாள், நம் வீட்டில் சத்தமே போடாத பெண், "நீ வேணும்னா ஓட்ஸோட இரு, நான் கல்யாணப் பொண்ணு" என்று கதவை அடித்துச் சாத்தினாள். தெருவே அவளைப் புகழ்ந்தது. கடைக்கு வந்தவர்கள், "அடியே இன்னும் கொஞ்ச நாள்ல உன் வழியா எதிர்ச்சுவரே தெரியும்டி" என்று கேலி செய்தார்கள், அவளுக்கு அதில் பெருமை. ஒரு நாள் டப்பா ஜன்னலில் மூடியில்லாமல் கிடந்தது, வெயில் பட்ட மேல்பக்கம் மட்டும் சாம்பல் நிறமாகக் கறுத்துப்போயிருந்தது. முகத்தை வெளுக்க வைக்கிற ஒன்று தான் மட்டும் ஏன் கறுக்கிறது என்று நினைத்துக்கொண்டே நின்றேன், அவள் வந்து பிடுங்கிக்கொண்டு போனாள்.

அப்புறம் அந்த மோதிரம். பவுஸ்தோ போட்ட தங்க மோதிரம் வரவர வெளுத்து ஈயம் மாதிரி ஆகிவிட்டது. உன் அப்பா குதித்தார், "மளிகைக் கடைக்காரன் தகரத்தைத் தங்கம்னு தள்ளிட்டான்" என்று பராஓனாவுக்கே எடுத்துக்கொண்டு போனார். நகைக்கடைக்காரர் உரசிப் பார்த்துவிட்டு, தங்கம் அசல்தான், மேலே என்ன ஏறியிருக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். அப்பாவுக்கு வெட்கமாகிவிட்டது. தங்கத்தையே மாற்றுகிற சாமான் தோலோடு நிற்குமா மகளே. அதே சமயத்தில் அவள் சாப்பாட்டை ஒதுக்கத் தொடங்கினாள், வாயில் சாவியைப் போட்டு வைத்த மாதிரி ருசிக்கிறது என்றாள். ஈறில் ரத்தம். தூக்கம் இல்லை. கடையில் ஒரு பெண்ணுக்கு முடி சுருட்டும்போது கொண்டை ஊசியைக் குத்த முடியாமல் அரேலிஸ் விரல் ஆடியது, அந்தப் பெண் கண்ணாடியில் அதைப் பார்த்தாள், நானும் பார்த்தேன், மிகெலினாவின் கோப்பைச் சத்தம் என் காதில் கேட்டது.

ஆகஸ்டில் ஒரு காலை எழுந்தவள் கண்ணைத் திறக்க முடியாமல் முகம் வீங்கி நின்றாள், காலை அழுத்தினால் குழி விழுந்தது. அப்பா அண்டை வீட்டுக்காரர் வண்டியில் ஏற்றிப் பராஓனா ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார். அங்கே ஒரு சின்ன வயசு டாக்டரம்மா, இவள் கையை நீட்டச் சொல்லிப் பார்த்தாள், விரலில் மோதிரத்தைப் பார்த்தாள், முகத்துக்கு என்னம்மா போடுற என்று கேட்டாள். டப்பாவை எடுத்துவரச் சொல்லித் தலைநகருக்கு அனுப்பினாள். அதில் இருந்தது பாதரசம். காய்ச்சல் பார்க்கிற கண்ணாடிக் குழாய்க்குள் உருளுமே அதேதான், தோல் வழியாக உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் உட்கார்ந்துகொண்டு நரம்பையும் பிடித்துக்கொள்ளும் என்றாள். "இன்னும் கொஞ்சம் தாமதிச்சிருந்தா நான் ஒண்ணும் செஞ்சிருக்க முடியாது" என்றாள். உடம்பிலிருந்து அதை இழுக்கிற மருந்தை வரவழைத்து ஏற்றினார்கள். நாங்களும் ஒரே துண்டில் துடைப்பவர்கள்தானே, எனக்கும் அப்பாவுக்கும்கூட ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், எங்களுக்குக் கொஞ்சம்தான்.

தோன்யா ஒதீலியா ஆஸ்பத்திரிக்கு வந்தாள், ஆரஞ்சுப் பழமெல்லாம் வாங்கிக்கொண்டுதான் வந்தாள். கட்டில் பக்கத்தில் நின்று குனிந்து பார்த்து, "பாவம், வீங்கியிருந்தாலும் நிறம் மட்டும் எவ்வளவு நல்லா எடுத்திருக்கு" என்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை மகளே, உன் தங்கையைத்தான் பார்த்தேன். அந்த வீங்கின முகத்தில், கண் திறக்க முடியாத நிலையில், அவள் சிரித்தாள். இந்த வருஷம் நான் கண்ட எல்லாவற்றிலும் என்னைப் பயமுறுத்தியது அந்தச் சிரிப்புதான். உன் அப்பா தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு, "அம்மா, பானி பஸ் கிளம்பிடும், வாங்க கொண்டுவிடுறேன்" என்று அவளை வெளியே நடத்திக்கொண்டு போனார். பவுஸ்தோ மறுநாள் தனியாக வந்தான், நான் இதைக் கேட்கவே இல்லையே என்று அழுதான். அரேலிஸ் அவனிடம், "கேக்கல சரி, உங்கம்மா சொன்னப்ப நீ ஏன் தரையைப் பார்த்துட்டு இருந்த" என்று கேட்டாள். மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தாள், சுத்தம் பண்ணிக் கொண்டுவருகிறேன் என்று வாங்கிப் போனவன் இன்னும் வரவில்லை. அவள் ஒருமுறைகூட அவனைப் பற்றிக் கேட்கவில்லை. வீக்கம் வடிந்துவிட்டது, நிறம் திரும்பிக்கொண்டிருக்கிறது, விரல் மட்டும் ஆடுகிறது, சிறுநீரகத்துக்கு மாதாமாதம் போய்க் காட்டச் சொல்லியிருக்கிறார்கள். மிகெலினாவை அவள் மகன் தலைநகருக்குக் கூட்டிப்போனான், நடக்கவே முடியவில்லை என்றார்கள், வீடு பூட்டிக் கிடக்கிறது. பூட்டின வீட்டுக் கதவை இன்னும் பெண்கள் தட்டுகிறார்கள், உள்ளே மிச்சம் டப்பா இருக்குமா என்று கேட்கிறார்கள். நான் அவர்களைக் கடைக்குள் இழுத்து உட்காரவைத்து அரேலிஸின் கையைக் காட்டுகிறேன், சிலர் அழுகிறார்கள், சிலர் எனக்கு ஒண்ணும் ஆகாது என்று எழுந்து போகிறார்கள்.

நான் உன்னை ஏன் அவ்வளவு அவசரமாகக் கூப்பிட்டேன் என்பது இதுதான். டாக்டரம்மா, வீட்டில் வேறு யார் இதைப் பூசினார்கள் என்று கேட்டபோது அரேலிஸ் விசும்பிக்கொண்டே, "வீட்ல இல்ல டாக்டர், எங்க அக்காவுக்கு அனுப்பிட்டேன், அங்க எல்லாரும் வெள்ளையா இருக்காங்கன்னு எழுதியிருந்தா" என்றாள். உன்னைப்போல அங்கே வேலை செய்யும் பெல்கிஸ் புனித வாரம் முடிந்து மாட்ரிட் திரும்பியபோது கொடுத்த பொட்டலத்தில், நான் வைத்த கொய்யா அல்வாவுக்கு அடியில், இரண்டு டப்பா. அன்றே போன் கடைக்கு ஓடினேன். நீ, "அதையா, தொறக்கவே இல்லம்மா" என்றாய். சொல்வதற்கு முன் கொஞ்சம் பேசாமல் இருந்தாய். தூரத்துப் போன், அப்படித்தான் இருக்கும் என்று மனசைத் தேற்றிக்கொண்டேன்.

இதுவரை நேற்று எழுதினேன். இன்று காலை உன் கடிதம் வந்தது, நீர் ஊற்றுக்கு முன்னால் நீ நிற்கிற போட்டோவோடு. அப்பா அதை வாங்கிக் கடைப் பெண்கள் எல்லோருக்கும் காட்டினார், குளிர் நாடு ஒத்துக்கிச்சு, யுதெல்கா என்னமா ஆயிட்டா பாரு என்றார்கள். நான் ஜன்னலுக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். சால்வை விலகின இடத்தில் தெரிகிற கழுத்து என் கழுத்து, உன் அப்பா கழுத்து. முகம் வேறு யாருடையதோ. அரேலிஸ் பின்னால் வந்து எட்டிப் பார்த்தவள் போய்க் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்துக்கொண்டாள். உடனே போய் நீ வேலை செய்யும் வீட்டுக்குப் போன் செய்தேன், நீ கடைக்குப் போயிருந்தாய், அந்த அம்மாள் நல்ல மாதிரியாகத்தான் பேசினாள், "உங்க பொண்ணு தங்கமான பொண்ணு, என்னமோ தெரியல, இப்பல்லாம் கையில எதுவும் நிக்க மாட்டேங்குது, தட்டுத் தட்டா உடைக்கிறா" என்றாள்.

மகளே, நான் திட்ட மாட்டேன். பொய் சொன்னாய் என்று கேட்க மாட்டேன். பயத்தில் சொன்ன பொய் எனக்குத் தெரியும். விடுமுறைக்கு வந்திருக்கும் பெல்கிஸ் ஞாயிற்றுக்கிழமை விமானம் ஏறுகிறாள், போனில் நீ மறுபடி மழுப்பிவிடுவாய், தபாலையும் நம்பாமல் இதை அவள் கையில் கொடுத்தனுப்புகிறேன், நீ படித்து முடிக்கிறவரை அவள் எழுந்து போக மாட்டாள், அப்படிச் சத்தியம் வாங்கியிருக்கிறேன். டப்பாவைக் கையால் தொடாமல் பிளாஸ்டிக் பையில் கட்டி எடுத்துக்கொண்டு அவளோடு அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போ. பாதரசம் என்ற அந்த ஒரு வார்த்தையைச் சொல். காகிதம் இல்லை, விசா இல்லை என்று தயங்காதே, திருப்பி அனுப்பினால் அனுப்பட்டும், நீ வந்து நிற்க வாசல் இருக்கிறது.

கடவுளும் மாதாவும் உன் தலைமேல் கை வைத்திருக்கட்டும், நீ பிறந்த தோலோடு என் கண்முன் வந்து நில். திங்கட்கிழமை விடிந்ததிலிருந்து போன் கடையில்தான் உட்கார்ந்திருப்பேன், கடைக்காரரிடம் நாற்காலி கேட்டு வைத்திருக்கிறேன், ராத்திரியானாலும் பூட்ட வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். கடிதம் எழுதாதே, கூப்பிடு, உன் குரல் நடுங்கினாலும் பரவாயில்லை.

உன் அழைப்புக்குக் காத்திருக்கும்
அம்மா
நெரெய்தா